கடல் கடந்து வரும் ஒலிக்கருவிகள்

ஜப்பானில் 'ஸ்டீரியோ' என்றொரு மாத இதழ் வெளிவருகிறது. 'இசையின் நண்பன்' என்று பொருள்படும் பெயரைக் கொண்ட ஒங்ககு நோ தொமோ ஷா என்னும் பதிப்பகம் அதனை வெளியிடுகிறது. அவ்விதழின் பெயரில் வரும் சில சிறப்பு வெளியீடுகளோடு, ஃபொஸ்டெக்ஸ் நிறுவனம் தயாரித்த சிறிய ஸ்பீக்கர் கூம்புகள் இணைப்பாக வைக்கப்படும். நம்மூரில் ஆண்டின் முதற் பத்திரிகையோடு நாட்காட்டி கிடைப்பது போல அங்கே வாசகருக்கு ஒலிபெருக்கியே கிடைக்கிறது. அதற்கான பெட்டியை எத்தனை சென்ரிமீற்றர் பலகையில் எப்படி அறுத்து ஒட்டுவது என்பதை உள்ளே உள்ள கட்டுரை சொல்லித்தரும். வாங்கியவர் விடுமுறை நாளில் உட்கார்ந்து தமக்கான ஸ்பீக்கரைத் தாமே செய்துகொள்வார்.

இத்தகைய பொருள் ஒன்றை இணையத்தில் கண்டு ஆசைப்படும் நம் மாணவி, 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தியதும் பெரும்பாலும் ஒரே பதிலையே சந்திக்கிறாள்: இப்பொருள் ஜப்பானுக்குள் மட்டுமே அனுப்பப்படும். அந்த இடத்தில்தான் பொதி மீளனுப்பும் சேவை என்ற வழி அவளுக்குத் தெரியவருகிறது. தோழி ஒருத்தி சொல்லியிருப்பாள், அல்லது யாரோ ஒருவரின் காணொளியில் பார்த்திருப்பாள். அடுத்த நாளே வாப்பாவின் வங்கி அட்டையைக் கேட்டு நிற்பாள். வாப்பாவுக்கோ இது என்ன சேவை, காசு எங்கே போகிறது, பொருள் வராவிட்டால் யாரைப் பிடிப்பது என்று ஒன்றும் விளங்காது. விஞ்ஞானம் கற்பிப்பவள் என்பதால் இக்கேள்விகள் அடிக்கடி என்னிடம் வருகின்றன. இருவருக்கும் சேர்த்தே இதனை எழுதுகிறேன்.

சேவையின் அடிப்படை மிக எளிது. வேற்றூரில் இருக்கும் உறவினர் வீட்டு முகவரிக்குப் பொருளை வரவழைத்து, அவர் ஊர் வரும்போது கொண்டுவரச் சொல்வது நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. சவூதியிலோ கட்டாரிலோ தொழில் செய்யும் மாமா இல்லாத தெரு நம்மிடம் குறைவு. அந்த மாமாவின் வேலையைக் கட்டணம் பெற்றுக்கொண்டு ஒரு நிறுவனம் செய்கிறது, அவ்வளவுதான். நாம் பதிவு செய்ததும் அந்நிறுவனம் தனது களஞ்சியத்தின் முகவரியையும் நமக்கே உரிய ஓர் இலக்கத்தையும் தருகிறது. கடைக்காரருக்கு அந்த முகவரியைக் கொடுக்கிறோம். கடைக்காரர் உள்நாட்டுத் தபாலில் அங்கே அனுப்புகிறார். களஞ்சியத்தில் பொதியை நிறுத்து, அளந்து, நமது கணக்கில் பதிவார்கள். நாம் அனுப்பும் முறையைத் தெரிவு செய்து கட்டணம் செலுத்தியதும் பொதி இலங்கைக்குப் புறப்படும். முகவரியில் அந்த இலக்கத்தை எழுத மறந்தால், ஆயிரக்கணக்கான பொதிகளுக்கிடையே நம்முடையது உரிமையாளர் தெரியாப் பொதியாகக் கிடக்கும்.

இதிலே இரண்டு வகை உண்டு. அவற்றைப் பிரித்தறிவது முக்கியம். மேலே சொன்னது மீளனுப்பல் மட்டும். பொருளை நாமே நமது அட்டையால் வாங்க வேண்டும். ஜப்பானில் 'டென்சோ' என்பது இவ்வகை. ஆனால் ஜப்பானியக் கடைகள் பல வெளிநாட்டு அட்டையை ஏற்பதில்லை. சில, ஜப்பானியத் தொலைபேசி இலக்கம் இல்லாமல் கணக்கே திறக்கவிடா. அப்போது நமக்காக வாங்கியே தரும் முகவர் சேவை தேவைப்படுகிறது. 'பையீ', 'ஸென்மார்க்கெட்' முதலியவை இவ்வகையின. ஏலத்தில் விலை கூறுவதையும் இவை நமக்காகச் செய்யும். வசதி கூடக்கூடக் கட்டணமும் கூடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவிலிருந்து வாங்குவோருக்கும் இத்தகைய சேவைகள் உண்டு. அவற்றுட் சில தமது களஞ்சியத்தை ஒரிகன், டெலவெயார் போன்ற மாநிலங்களில் வைத்திருப்பதற்குக் காரணம், அம்மாநிலங்களில் விற்பனை வரி இல்லை என்பதே. ஜப்பானில் அந்தத் தந்திரம் பலிக்காது. அங்கே 2019 ஒக்டோபர் முதல் 10 சதவீத நுகர்வு வரி நாடு முழுவதும் ஒன்றுதான். பொருள் உள்நாட்டு முகவரிக்கு விற்கப்படுவதால் கடைக்காரர் அந்த வரியை நம்மிடமும் அறவிடுவார்.

பதிவு செய்யும்போது கடவுச்சீட்டின் படத்தைக் கேட்கிறார்களே என்று பெற்றோர் சிலர் அஞ்சுகின்றனர். ஜப்பானில் பிறருக்காகத் தபால் பெற்றுக்கொடுக்கும் தொழில், குற்றச்செயலால் வந்த பணம் கைமாறுவதைத் தடுக்கும் சட்டத்தின்கீழ் வருகிறது. ஆகவே ஆளடையாளத்தை உறுதிசெய்வது அந்நிறுவனங்களின் கடமை. அஞ்ச வேண்டியது வேறொன்றை: அதே நிறுவனத்தின் பெயரைப் போலவே பெயர் வைத்த போலித் தளங்களை. முகவரியை நாமே தட்டச்சு செய்து தளத்துக்குள் போக வேண்டும். யாரோ அனுப்பிய இணைப்பை அழுத்திப் போகக்கூடாது. இன்னொன்று, பாடசாலை மாணவி தன் பெயரில் இக்கணக்கைத் திறப்பது முறையல்ல. உம்மாவோ வாப்பாவோ திறக்கட்டும். சுங்கத்தில் பொதியைப் பெறப்போகிறவரும் அவரே என்பதால் பெயரும் அடையாள அட்டையும் ஒத்திருப்பது பின்னர் அலைச்சலைக் குறைக்கும்.

சரி, ஏன் ஒரு நிறுவனம் தன் பொருளைச் சொந்த நாட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது? விற்பனை முகவர்களுக்கு நாடு நாடாக உரிமையைப் பிரித்துக் கொடுத்திருப்பது ஒரு காரணம். அதைவிட நமக்குப் பயன்படும் காரணம், அக்கருவி அந்நாட்டின் மின்சாரத்துக்கும் வானொலிக்கும் மொழிக்கும் என்றே செய்யப்பட்டிருக்கிறது என்பது. ஜப்பானிய மின்கருவிகளின் பின்புறத்தில் 'கொக்குநய் சென்யோ' என்ற சொற்களைச் சீன எழுத்தில் காணலாம். 'உள்நாட்டுப் பாவனைக்கு மட்டும்' என்பது அதன் பொருள். வாங்குவோர் பலர் இதனைக் கடைக்காரரின் பிடிவாதம் என்று எண்ணிக் கடந்துபோகின்றனர். அது பொறியியலாளரின் எச்சரிக்கை.

முதலில் மின்சாரம். ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ற்று. நமது 230 வோல்ற்று. சாதாரண தரத்தில் வலுவுக்கான சமன்பாட்டைப் படித்த மாணவி இதைத் தானே கணித்துவிடலாம். தடை மாறாதிருக்கும்போது வலு, வோல்ற்றளவின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமம். 230ஐ 100ஆல் வகுத்தால் 2.3. அதன் வர்க்கம் 5.29. 20 வாற்று வலுவுக்கெனச் செய்யப்பட்ட ஒரு தடைச் சுற்றில் நமது மின்சாரத்தைக் கொடுத்தால் 106 வாற்று வரை வலு பாய முயலும். உருகி இருந்தால் உருகி போகும். இல்லாவிட்டால் கருவி போகும். அந்நேரம் வீட்டில் யாரும் இல்லாவிட்டால் அதைவிடப் பெரியதும் போகலாம்.

எல்லாக் கருவிக்கும் இந்த ஆபத்து இல்லை. கருவியின் அடியிலோ அதன் அடப்டரிலோ 'இன்புட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள எண்களைப் பார்க்க வேண்டும். 100–240 என்று இருந்தால் அது நமது மின்சாரத்தையும் தாங்கும். ஜப்பானியச் செருகியின் இரண்டு தட்டை முள்ளுக்கு ஏற்ற மாற்றுச் செருகி மட்டும் போதும். 100 என்று தனியே இருந்தால் நிலைமாற்றி கட்டாயம். விற்பனைப் பக்கத்தில் பின்புறப் படம் இல்லாவிட்டால், அந்தப் படத்தைக் கேட்டுப் பெறாமல் காசு கட்டக்கூடாது.

நிலைமாற்றியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நம் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் அமெரிக்கப் பொருட்களை மனதில் வைத்து 110 வோல்ற்றுத் தருபவை. சவூதியில் முன்னர் 127 வோல்ற்று இணைப்பும் இருந்த காலத்தில் அங்கிருந்து வந்த பொருட்களுக்காகவும் பல வீடுகளில் ஒன்று வாங்கி வைத்திருந்தார்கள். அலுமாரியின் மேல் அது இன்னும் கிடக்கும். 100 வோல்ற்றுக் கருவிக்கு 110 கொடுத்தால் என்ன, பத்துத்தானே என்று தோன்றும். வர்க்கத்தை மறக்கலாகாது: 1.1இன் வர்க்கம் 1.21. ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான கூடுதல் வெப்பத்தை முப்பது வருடப் பழைய அம்ப்ளிஃபயர் ஒன்று எத்தனை நாள் தாங்கும்? 100 என்றே குறிக்கப்பட்ட நிலைமாற்றியைத் தேடிப் பெறுவது நல்லது. அதன் விலையையும் பொருளின் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

அடுத்தது மீடிறன். நிலைமாற்றி வோல்ற்றளவை மாற்றும், மீடிறனை மாற்றாது. இங்கே ஜப்பானின் கதை சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ நகரம் ஜேர்மனியிடமிருந்து மின்பிறப்பாக்கிகளை வாங்கியது. அவை 50 ஹேட்ஸ். ஒசாக்கா அமெரிக்காவிடமிருந்து வாங்கியது. அவை 60 ஹேட்ஸ். அன்று இரு வியாபாரிகளிடம் செய்த கொள்வனவு இன்றுவரை ஒரே நாட்டை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. 2011இல் நிலநடுக்கமும் சுனாமியும் கிழக்கின் மின்னிலையங்களை முடக்கியபோது, மேற்கில் இருந்த மின்சாரத்தை வேண்டிய அளவு கிழக்குக்கு அனுப்ப முடியாமல் அவர்கள் தவித்ததற்கும் இப்பிரிவே காரணம்.

நமது மின்சாரம் 50 ஹேட்ஸ், அதாவது டோக்கியோவின் பக்கம். பெரும்பாலான கருவிகளுக்கு இதனால் வேறுபாடில்லை. ஆனால் பழைய இசைத்தட்டுச் சுழலிகளில் சிலவற்றின் மோட்டார், மின்சாரத்தின் மீடிறனுக்கேற்பவே சுழலும். ஒசாக்காவில் பயன்பட்ட அத்தகைய சுழலி, 60 ஹேட்ஸுக்கான கப்பியோடு நம் வீட்டுக்கு வந்தால், நிமிடத்துக்கு 33⅓ தடவை சுழல வேண்டிய தட்டு ஏறத்தாழ 27.8 தடவையே சுழலும். பாடகியின் குரல் ஆண் குரலாகும். மின்சாரத்தின் மீடிறனை எண்ணி ஓடும் மணிக்கூட்டு ரேடியோவோ ஒரு மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் பிந்தும். 50, 60 இரண்டுக்கும் மாற்றக்கூடிய ஆளி அல்லது இரட்டைக் கப்பி இருக்கிறதா என்று கேட்டு வாங்குபவருக்கு இத்தொல்லை இல்லை. நேரோட்ட மோட்டார் உள்ளவற்றுக்கு இக்கேள்வியே எழாது.

மூன்றாவது வானொலி. இது ஒரு குடும்பத்தின் கதையோடு சேர்ந்தது. எங்கள் உறவினர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த காலத்தில், 1980களின் பெரிய இரட்டை ஸ்பீக்கர் ரேடியோ கசெட் ஒன்றை ஜப்பானிய ஏலத்தில் கண்டாள். உம்மா தையல் தைத்துச் சேர்த்த காசு. ராத்தா கொஞ்சம் போட்டாள். பொதி பழுதின்றி வந்தது. 100 வோல்ற்று நிலைமாற்றியும் வாங்கியிருந்தார்கள். கசெட் அழகாகப் பாடியது. ரேடியோவைத் திருப்பினால், எவ்.எம்.மில் ஓரத்தில் ஓரிரு நிலையங்களைத் தவிர மற்றெல்லாம் இரைச்சல். உம்மம்மாவுக்கு வேண்டியிருந்தது வானொலிதான். கருவி பழுது என்று அனுப்பிய நிறுவனத்தோடு பல நாள் எழுதி வாதாடினார்கள். பழுது ஒன்றும் இல்லை. ஜப்பானின் எவ்.எம். அலைவரிசை நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரை இருந்தது. பின்னர் 95 வரை நீட்டப்பட்டது. நமது நிலையங்கள் இயங்குவதோ 88 முதல் 108 வரை. இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடம் மிகச் சிறியது.

இது நாம் அறியாத விடயமல்ல. ஜப்பானிலிருந்து இறக்கிய காரில் ஏறியவர்கள், அதன் ரேடியோவில் நம் நிலையங்கள் வராமல் அலைவரிசை மாற்றும் சிறு பெட்டியொன்றைப் பொருத்துவதைக் கண்டிருப்பார்கள். காருக்குள் தெரிந்த உண்மை, வீட்டுக்குள் வரும்போது நினைவுக்கு வருவதில்லை.

பழைய ஜப்பானிய ரேடியோக்களில் நமக்கு உதவும் ஓர் அடையாளம் உண்டு. அங்கே பழைய முறைத் தொலைக்காட்சி இருந்த காலத்தில் அதன் 1 முதல் 3 வரையான அலைவரிசைகள் 90க்கும் 108க்கும் இடையே இருந்தன. படம் இல்லாமல் தொலைக்காட்சியின் ஒலியை மட்டும் கேட்பதற்காகச் சில ரேடியோக்களை 108 வரை நீட்டிச் செய்தார்கள். அளவுகோலில் 'டீவி 1–3' என்று குறித்திருக்கும் பெட்டி நமது நிலையங்களைப் பிடிக்கும். தொலைக்காட்சி அங்கே இலக்கமுறைக்கு மாறிப் பல வருடங்களாயிற்று. அவர்களுக்குப் பயனற்றுப் போன அந்தக் குறி நமக்கு நன்மையாக இருக்கிறது. மத்திய அலையில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கும் இங்கும் நிலையங்களுக்கிடையே 9 கிலோஹேட்ஸ் இடைவெளிதான். அமெரிக்காவில் அது 10. ஆகவே அங்கிருந்து வரும் இலக்கமுறை ரேடியோவில் 9, 10 என மாற்றும் வசதி இல்லாவிட்டால் நமது மத்திய அலை நிலையங்களில் சரியாக நிற்காது.

மொழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உள்நாட்டுக்கென விற்கப்படும் சில இசைக்கருவிகளிலும் குரற் பதிவுக்கருவிகளிலும் திரையின் மொழி ஜப்பானியம் மட்டுமே, மாற்ற வழியிருக்காது. ஓரிரு பொத்தான்களுள்ள கருவியானால் பழகிவிடும். பட்டியல் பட்டியலாகத் திறக்கும் கருவியானால் பழகாது.

இனிப் பாவித்த பொருட்கள். ஜப்பானியர் பொருளைப் பேணுவதில் பெயர் பெற்றவர்கள். விற்பவர் ஒவ்வொரு கீறலையும் படமெடுத்துக் காட்டுவார். எனினும் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். 'ஜங்க்' என்று அவர்கள் எழுதினால், இது இயங்கும் என்று நான் பொறுப்பேற்கவில்லை, திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்று பொருள். ஹார்ட் ஒஃப் என்ற பழம்பொருட் கடைத் தொடரில் இதற்கென்றே நீலப் பெட்டிகள் நிறைந்த பகுதிகள் உண்டு. பழுதுபார்க்கத் தெரிந்தவர்களுக்கு அவை புதையல். மற்றவர்களுக்கு, மலிவான விலையைப் பார்த்து மயங்கி, அதைப்போல மூன்று மடங்கு தபாற் செலவு கட்டி, ஓடாத பெட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவரும் வழி. இயந்திர மொழிபெயர்ப்பில் இச்சொல் 'குப்பை' என்று வருவதால், விற்பவர் தன்னடக்கமாகச் சொல்கிறார் என்று எண்ணியவரும் உண்டு!

பற்றரி உள்ள பொருட்களில் விமானச் சட்டங்கள் குறுக்கிடும். லிதியம் அயன் பற்றரி கருவிக்குள்ளேயே பொருத்தப்பட்டிருந்தால் தபாலில் ஓர் அளவு வரை ஏற்பர். தனியாக இருக்கும் பற்றரியையும் பவர் பேங்கையும் ஏற்கமாட்டார்கள். அளவைக் கணிப்பது எளிது: மில்லி அம்பியர் மணியை வோல்ற்றால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாற்று மணி வரும். 3000 மில்லி அம்பியர் மணியும் 3.7 வோல்ற்றும் உள்ள பற்றரி 11.1 வாற்று மணி. எல்லையோ ஒரு பற்றரிக்கு 100. புளூடூத் ஹெட்ஃபோன்கள் இதற்குள் அடங்கிவிடும். ஆயினும் சேவை நிறுவனம் தனது சொந்த விதியால் மறுக்கலாம். வாங்கிக் களஞ்சியத்துக்கு வந்தபின் மறுத்தால் பொருள் அங்கேயே கிடக்கும், வைப்புக் கட்டணமும் ஏறும். முதலில் கேட்டு, எழுத்தில் பதில் பெற்றுக்கொண்டே வாங்க வேண்டும்.

இப்போது பெற்றோர் கேட்கும் கேள்வி: மொத்தம் எவ்வளவு? கணக்குப் பார்ப்பதற்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். பொருளின் விலை 20,000 யென். கடையிலிருந்து களஞ்சியத்துக்குத் தபாற் செலவு 800. சேவைக் கட்டணம் 500. இலங்கைக்கு அனுப்ப 5,000. இவ்வளவும் சேர்ந்தே 26,300 ஆகிவிட்டது. நம் சுங்கத் திணைக்களம் வரி கணிப்பது பொருளின் விலையில் மட்டுமல்ல. விலை, காப்புறுதி, ஏற்றுக்கூலி மூன்றும் சேர்ந்த பெறுமதியில். 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். 26,300க்கு அதை மட்டும் பார்த்தால் 4,734. கூட்டினால் 31,034 யென். இதற்கு மேல் அப்பொருளுக்குரிய தீர்வைகளும், வங்கி நாணயமாற்றில் எடுக்கும் சிறு பங்கும் உண்டு. அதாவது இருபது என்று நினைத்தது, தீர்வை சேருமுன்னரே முப்பத்தொன்று. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்த பின்னும் பொருள் பெறுமதியானது என்று தோன்றினால் வாங்கலாம்.

தீர்வை பொருளுக்குப் பொருள் வேறுபடும். சுங்கத் தீர்வை அட்டவணையில் ஸ்பீக்கர், ஹெட்ஃபோன், மைக்ரோஃபோன், அம்ப்ளிஃபயர் ஆகியன 8518 என்ற தலைப்பின்கீழும், பதிவுக்கருவியும் இசைத்தட்டுச் சுழலியும் 8519இன் கீழும், ரேடியோ 8527இன் கீழும் வரும். அட்டவணை திணைக்களத்தின் இணையத்தளத்தில் உள்ளது. உரிய தலைப்பைத் தேடி அன்றைய வீதத்தைப் பார்த்துக்கொள்ளலாம். புளூடூத் போன்ற கம்பியில்லாத் தொடர்புள்ளவற்றுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி கேட்கப்படுவதும் உண்டு. வயர் உள்ள ஹெட்ஃபோனுக்கு இந்தக் கேள்வி இல்லை.

ஏற்றுக்கூலியில் ஒரு கண்கட்டு இருக்கிறது. கொரியர் நிறுவனங்கள் உண்மை எடையையும் கனவளவு எடையையும் ஒப்பிட்டு, கூடியதற்கே பணம் கேட்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது வழக்கம். ஒரு சோடி ஸ்பீக்கர் 6 கிலோ என்று விளம்பரத்தில் இருக்கும். அதன் பெட்டி 60, 40, 40 ஆனால் கனவளவு எடை 19.2 கிலோ. ஆறு கிலோவுக்குக் காசு எண்ணி வைத்தவர் பத்தொன்பதுக்குக் கட்டவேண்டும். ஜப்பான் தபாலின் இ.எம்.எஸ். சேவை உண்மை எடையையே பார்ப்பதால், பருமன் பெரிய ஒலிக்கருவிகளுக்கு அது பலமுறை இலாபம். இலங்கைக்கு அவ்வேளையில் எந்தச் சேவைகள் திறந்திருக்கின்றன என்பதை அவர்களது தளத்தில் முதலில் பார்க்க வேண்டும்.

பல பொதிகளை ஒன்றாகக் கட்டித்தரும் வசதியையும் இந்நிறுவனங்கள் தருகின்றன. இசைத்தட்டுகள், கேபிள்கள் என்றால் நன்று. வெளிப்பெட்டியை அகற்றி இடத்தைக் குறைப்பார்கள், கூலி குறையும். ஸ்பீக்கருக்கும் சுழலிக்கும் அதைச் செய்யச் சொல்வது, முட்டைப் பெட்டியை எறிந்துவிட்டு முட்டையைப் பையில் போடச் சொல்வது போன்றது. சுழலியானால், மேலே உள்ள கனத்த தட்டைக் கழற்றித் தனியே சுற்றவும், ஊசிக்கையைக் கட்டவும், அதன் பின்னாலுள்ள எதிர்ப்பாரத்தைக் கழற்றவும் விற்பவரிடமே கேட்க வேண்டும். களஞ்சியத்தில் உள்ளவர்கள் பொதியைத்தான் அறிவார்கள், ஊசியை அறியமாட்டார்கள்.

உத்தரவாதச் சீட்டு பெட்டிக்குள் இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் ஜப்பானுக்குள் மட்டுமே செல்லும். பழுதானால் திருப்பியனுப்பும் கூலி நம்முடையது. என் கருத்தைக் கேட்டால், சாதாரணமாகப் பாட்டுக் கேட்பதற்கான ஹெட்ஃபோனை இவ்வழியில் வாங்கத் தேவையே இல்லை. கொழும்பில் முகவரிடம் கிடைக்கும் அதே மாதிரிக்கு அங்கே ஒரு நிறம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். அந்த நிறத்துக்காக உத்தரவாதத்தை இழப்பது வீண். முதலிற் சொன்ன ஃபொஸ்டெக்ஸ் கூம்பு போன்றவை வேறு. அவற்றுக்கு மின்செருகி இல்லை, பற்றரி இல்லை, அலைவரிசை இல்லை, மொழி இல்லை, பெட்டியும் சிறியது. பெட்டிக்கான பலகையை நம் ஊர் தச்சரிடமே அறுப்பிக்கலாம். இசைத்தட்டு ஊசித்தலையும் அப்படியே. டெனொன் நிறுவனம் ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யோடு சேர்ந்து 1960களில் உருவாக்கிய டீ.எல். 103 என்ற ஊசித்தலை இன்றும் தயாரிக்கப்படுகிறது, உள்ளங்கைக்குள் அடங்கும்.

நமது கல்லூரியின் தமிழ் மன்றப் பிள்ளைகள் உம்மம்மாமாரின் தாலாட்டுகளையும் கவிகளையும் பதிவுசெய்ய ஒரு கருவி வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். பாடத் தெரிந்தவர்கள் வருடத்துக்கு வருடம் குறைந்து வருகிறார்கள். ஆகவே இது காத்திருக்கக்கூடிய வேலையல்ல. டாஸ்காம், ஸூம் ஆகிய ஜப்பானிய நிறுவனங்களின் சிறிய பதிவுக்கருவிகளில் சாதாரண பென்டோர்ச் பற்றரி இரண்டில் ஓடுபவை உண்டு. டாஸ்காம் டீ.ஆர். 05 அத்தகையது. 100 வோல்ற்றும் லிதியமும் அங்கே பிரச்சினையாகா. ஆனால் ஜப்பானியப் பதிப்பை அங்கிருந்து வரவழைக்க முன், திரையில் ஆங்கிலம் உண்டா என்று கேட்பதும், இங்கே விற்கும் அதே கருவியின் விலையை மேற்சொன்ன முப்பத்தொன்று கணக்கோடு ஒப்பிடுவதும் பொறுப்பாசிரியைக்குக் கொடுத்துள்ள வேலைகள்.

பொதி இலங்கை வந்ததும் செய்யவேண்டியவை சில. இ.எம்.எஸ். பொதியின் தொடர் இலக்கத்தில் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், இறுதியில் நாட்டைக் குறிக்கும் 'ஜே.பி.' என்ற இரண்டு எழுத்து இருக்கும். அதனை நமது தபால் திணைக்களத்தின் தளத்திலும் இட்டுப் பார்க்கலாம். அழைப்பு வந்தால் தேசிய அடையாள அட்டை, கடையின் பற்றுச்சீட்டு, பணம் செலுத்தியதற்கான சான்று, பொருளின் பெயரும் மாதிரியும் தெரியும் பக்கத்தின் அச்சுப்படி ஆகியவற்றைக் கொண்டுபோக வேண்டும். விலையைக் குறைத்து எழுதும்படியோ 'அன்பளிப்பு' என்று குறிக்கும்படியோ சேவை நிறுவனத்தைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது பொய்யான பிரகடனம், சட்டப்படி குற்றம். பொருள் பறிபோகலாம். வழியில் உடைந்தாலும் எழுதிய பெறுமதிக்கு மேல் ஒரு சதமும் இழப்பீடாகக் கிடைக்காது.

வீட்டில் பொதியைத் திறக்கும்போது ஒருவர் கையடக்கத் தொலைபேசியில் காணொளி எடுக்கட்டும். வெளிப்பெட்டியையும் உள்ளே அடைத்திருந்த கடதாசியையும் இரண்டு வாரமாவது எறியாமல் வையுங்கள், உடைவுக்கு முறையிட்டால் தபாலார் அவற்றையும் கேட்பார்கள். பிறகு கருவியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியுள்ள சிறு தகட்டை வாசியுங்கள். 100 என்று தனியே இருந்தால், நிலைமாற்றி வந்து சேரும் வரை அதன் செருகியை ஒரு நாடாவால் சுற்றிக் கட்டி வைப்பது, வீட்டில் சிறு பிள்ளைகள் இருக்கும் இடத்தில் மிகவும் அவசியம்.